ஒரு லோடு ரூட்டைலும் ஒரு புதன்கிழமையும்

கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் மார்க்கெட்டைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி கம்பெனியிலிருந்து போன் வந்தது. என் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். "உங்களையா கேக்கறாங்க? மார்க்கெட்டைப் பத்தியா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். வெங்காயம் விலை இறங்கும் என்று நான் சொல்லும் நாளில் காந்தி மார்க்கெட்டில் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கி வைப்பது அவள் வழக்கம். இதுவரை அவள் ஏமாந்ததில்லை.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைட்டானியம் கனிமங்களின் விலை அடுத்த ஆறு மாதத்தில் ஏறுமா, இறங்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். துவாக்குடியில் உட்கார்ந்து முப்பத்தோரு வருடம் நம் வெல்டிங் ராடு ஆலைக்காக ரூட்டைலும் இல்மனைட்டும் வாங்கினேன். என் கணிப்புகளில் பலித்தவற்றை எண்ண ஒரு கை போதும். அந்தக் கையிலும் கட்டைவிரலை மடக்கிக்கொள்ளலாம். எப்படி வாங்க வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எப்படி வாங்கக் கூடாது என்பதில் எனக்கு நிகர் நான்தான் என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

வேலைக்கு வந்த புதிதில் எனக்கு டைட்டானியம் என்றால் ஆகாய விமானம். இன்டர்வியூவில் அப்போதைய கொள்முதல் தலைவர் உட்கார்ந்திருந்தார். டைட்டானியம் எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று கேட்டார். விமான இன்ஜின், ராக்கெட், நீர்மூழ்கிக் கப்பல், எலும்பு முறிந்தால் வைக்கிற தகடு என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"சரிங்க தம்பி. காலையில பல்லு தேச்சீங்களா?"

"தேச்சேன் சார்."

"அந்தப் பேஸ்ட் ஏன் வெள்ளையா இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அந்த அறையின் சுவர் ஏன் வெள்ளையாக இருக்கிறது, மேஜை மேலிருந்த காகிதம் ஏன் வெள்ளையாக இருக்கிறது, அவர் போட்டுக்கொள்ளும் மாத்திரையின் மேல்பூச்சு ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று அடுத்தடுத்துக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். கடற்கரையில் கறுப்பாகவும் செம்பழுப்பாகவும் கிடக்கிற இல்மனைட், ரூட்டைல் மணலிலிருந்து எடுக்கும் வெள்ளை நிறமி. உலகத்தில் தோண்டுகிற டைட்டானியக் கனிமத்தில் பெரும்பங்கு இப்படி வெள்ளையாவதற்கே போகிறது. உலோகமாகி ஆகாயத்தில் பறப்பது கொஞ்சம். வெல்டிங் ராடின் மேல்பூச்சுக்காக நம்மைப் போன்றவர்கள் வாங்குவதும் கொஞ்சம். யானைக்குப் போடும் கவளத்தில் சிந்தியதைப் பொறுக்கும் குருவிகள் நாம் என்று அவர் சொன்னார். யானைக்கு எப்போது பசிக்கும் என்று குருவிக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம்.

அவர் அதைத் தெரிந்துகொண்ட விதம் வேடிக்கையானது. சனிக்கிழமை சாயங்காலம் பெரிய கடைவீதியில் நாலைந்து பெயின்ட் கடைகளில் ஏறி இறங்குவார். "வெள்ளை எப்படிப் போகுது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். பெயின்ட் விற்றால் நிறமி விற்கும், நிறமி விற்றால் கனிமம் அகப்படாது என்பது அவர் கணக்கு.

நான் அவரை மிஞ்ச நினைத்தேன். எனக்கு வீடு ஸ்ரீரங்கத்தில். சித்திரைத் தேருக்கு முன்பு உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் எத்தனை வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று ஒரு வாரம் சைக்கிளில் சுற்றி எண்ணினேன். போன வருடத்தைவிட அதிகம். உடனே ஒரு அறிக்கை தயாரித்து, வெள்ளைக்கு அமோக கிராக்கி, இப்போதே ரூட்டைல் வாங்கிக் குவிக்க வேண்டும் என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"நல்லா எண்ணியிருக்கீங்க. ஆனா அது சுண்ணாம்புங்க."

அந்த அறிக்கையை அவர் யாரிடமும் காட்டவில்லை. காட்டாமல் இருந்ததோடு, அதைப் பற்றி என்னிடம் மறுபடி பேசவும் இல்லை. தப்பை அதன் அளவுக்கு மேல் பெரிதாக்காத மனிதர். அவரிடமிருந்து நான் மார்க்கெட்டைக் கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் குணத்தைக் கற்றிருந்தால் நான் சொல்லப்போகும் கதையே நடந்திருக்காது.

அவர் போய் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, ஓய்வுபெற நாலைந்து வருடம் இருக்கும்போது நடந்தது இது. தீபாவளிக்கு முந்தைய கூட்டத்தில் நான் கலர் கலராகப் படம் போட்டு விளக்கினேன். வெளிநாடுகளில் வீடு கட்டுவது குறைந்துவிட்டது, பெயின்ட் கம்பெனிகள் நிறமி வாங்குவதைத் தள்ளிப்போடுகின்றன, நிறமி ஆலைகள் ரூட்டைலைத் தொட யோசிக்கின்றன, கார்த்திகைக்குள் விலை படுத்துவிடும், அதுவரை பொறுப்போம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நானே எனக்குக் கைதட்டிக்கொள்ளாததுதான் பாக்கி.

நான் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்பதுதான் பரிதாபம். நிறமி ஆலைகள் வாங்குவதைக் குறைக்கத்தான் செய்தன. ஆனால் வெளிநாட்டில் ஒரு பெரிய சுரங்கம் அதே சமயத்தில் வேலையை நிறுத்தியது. இங்கே கடற்கரையில் மணல் எடுக்க ஏற்கெனவே கட்டுப்பாடுகள் இருந்தன. வாங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணிய நான் தோண்டுகிறவர்களை எண்ண மறந்துவிட்டேன். கார்த்திகையில் விலை படுக்கவில்லை, எழுந்து நின்றது. விலை கொடுத்தாலும் சரக்கு இல்லை என்ற நிலை வந்தபோது எங்கள் கிடங்கில் பத்து நாளைக்கு மட்டும் ரூட்டைல் இருந்தது.

எம்.டி. அதிகம் பேசாதவர். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்த வாரம் நான் அவர் அறைக்குள் போன போதெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் ஒரு புரோக்கர் போன் செய்தார். ஒரு லோடு ரூட்டைல் கைவசம் இருக்கிறதாம். டைட்டானியம் டை ஆக்சைடு சதவீதம் நாம் கேட்கும் அளவுக்குச் சரியாக இருக்கிறதாம். விலையும் மற்றவர்களைவிடக் குறைவு. சான்றிதழை மொபைலில் அனுப்பினார். மூன்றாவது வரியில் 'செயற்கை ரூட்டைல்' என்று போட்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி அடுத்த வரிக்குப் போனேன்.

இந்த இடத்தில் தொழில் விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். செயற்கை ரூட்டைல் மட்டமான சரக்கு இல்லை. இல்மனைட்டிலிருந்து இரும்பை வெளியே எடுத்துவிட்டுச் செய்வது அது. இரும்பு இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள் ஆகிவிடும், ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி. நிறமி ஆலைக்காரனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அவன் எப்படியும் அதைக் கரைத்து ஆவியாக்கப் போகிறான். நாம் அதைப் பசையோடு பிசைந்து இரும்புக் கம்பியின் மேல் பூச வேண்டியவர்கள். பொத்தல்கள் பசையைக் குடித்துவிடும். அன்றைக்குப் பார்த்தால் பூச்சு ஜோராக இருக்கும், ஈரக்காற்றில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் வெடிக்க ஆரம்பிக்கும். கலவையை மாற்றினால் அதையும் பயன்படுத்தலாம், ஆனால் அதற்குச் சோதனையும் அவகாசமும் வேண்டும். சான்றிதழில் இருந்த சதவீதம் உண்மைதான், அது நிறமி ஆலைக்காரனுக்காக எழுதிய உண்மை. சரக்கு வாங்கும்போது அதில் என்ன இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாமல், யாருடைய உபயோகத்துக்கு இந்தக் கணக்கு என்றும் கேளுங்கள்.

இதற்காகவே நம் ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். புதிய லோடு வந்தால் அதில் கொஞ்சம் எடுத்து மாதிரி ராடு போடுவார்கள். அதை ஷெட்டில் திறந்த ரேக்கில் மூன்று நாள் கிடத்திவிட்டு, அப்புறம்தான் வெல்டிங் வைத்துப் பார்ப்பார்கள். சோதனை வெல்டர் சீட்டில் ராடு போட்ட தேதியையும் வைத்துப் பார்த்த தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அந்தச் சரக்கில் செய்த பெட்டிகள் வாசலைத் தாண்டும்.

அப்போது சோதனை வெல்டராக இருந்தவர் மகேஸ்வரி. ஜீயபுரத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துத் துவாக்குடிக்கு வருவார். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவர், எட்டு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. அந்தத் தை மாதம் ஒப்பந்தக்காரர்களில் சிலரை நிரந்தரமாக்கும் பட்டியல் வரவிருந்தது. அதில் அவர் பெயர் இருந்தது. அந்த முறை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், பிறகு எப்போதும் கிடையாது. பட்டியலைப் பார்க்கும் மூன்று பேர் கமிட்டியில் நானும் ஒருவன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மார்கழி மாதம், ஒரு சனிக்கிழமை. அவசரத்தில் நான் மாதிரி ராடுக்குக் காத்திருக்காமல் அந்த ரூட்டைலில் உற்பத்தியையே ஆரம்பிக்கச் சொல்லியிருந்தேன். மாதிரி ராடு போட்டது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் அரியமங்கலத்திலிருந்து தாஜுதீன் பாய் அனுப்பிய வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. பாய் பெரிய பேப்ரிகேஷன் பட்டறை வைத்திருப்பவர், நம் பழைய வாடிக்கையாளர். திருவெள்ளறையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாடிப்படி செய்துகொண்டிருந்தார். ராடு இல்லாமல் வேலை நிற்கிறது என்று காலையிலிருந்து நாலு முறை போன் செய்துவிட்டார்.

நான் ஷெட்டுக்குப் போனேன். மகேஸ்வரி ஒரு மாதிரி ராடை வைத்துப் பார்த்துவிட்டு, மேலே படிந்த கசடைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"ஆர்க் பரவாயில்ல சார். ஆனா கசடு ஒட்டிக்குது. நம்ம ராடுன்னா ஒரு தட்டுல சுருண்டு எந்திரிச்சிடும். இது கெஞ்ச வேண்டியிருக்கு."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இன்னிக்கித் தெரியாது சார். நேத்துதானே போட்டோம். திங்கக்கிழம வரைக்கும் பொறுங்க. ரேக்ல கெடக்கட்டும்."

"வண்டி நிக்குதுங்க."

"பொறுத்துக்கலாம் சார். மூட்டையைப் பிரிச்சப்பவே எனக்கு என்னமோ சரியாப் படல. எப்பவும் வர்ற மணல் மாதிரி இல்ல."

இரண்டாவது முறையும் சொன்னார், மூன்றாவது முறையும் சொன்னார். எனக்கு வாசலில் நிற்கும் வண்டியும், கண்ணாடி துடைக்கும் எம்.டி.யும்தான் தெரிந்தார்கள். தீபாவளிக் கூட்டத்தில் நான் போட்ட கலர்ப் படமும் தெரிந்தது. சரக்கு நிற்கிறது என்றால் யாரால் நிற்கிறது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வராமலிருக்க நான் சொன்ன வார்த்தையை எழுதவே கூசுகிறது.

"ராடு போட்ட தேதியை மட்டும் மூணு நாள் முன்னாடி போட்டுடுங்க. புதன்கிழமை தேதி. மீதிய நான் பாத்துக்கறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "புதன்கிழமையா சார்?"

"ஆமாங்க, புதன்கிழமைதான்."

"புதன்கிழமையே போடட்டுமா?"

"எத்தனை தடவை கேப்பீங்க? போடுங்க."

போட்டார். அவர் பெயர் உள்ள பட்டியல் என் மேஜையில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அது வேலை செய்தது. வண்டி போனது, நானும் கேன்டீனில் போய் நிம்மதியாக ஒரு காபி குடித்தேன்.

பத்து நாள் கழித்து தாஜுதீன் பாய் போன் செய்தார்.

"சார், என்னத்த சார் அனுப்பியிருக்கீங்க? பொட்டியத் திறந்தா பூச்சு பொலபொலன்னு கொட்டுது. முதப் பொட்டி நல்லாத்தான் இருந்துச்சு, அத வச்சு மாடிப்படிக்குப் பாதி பத்த வச்சாச்சு. இப்ப அதையும் நம்ப முடியல. அல்லா காப்பாத்தினான், இன்னும் யாரும் மேல ஏறல."

அடுத்த நாள் எம்.டி. அறையில் கூட்டம். சோதனைச் சீட்டு மேஜை மேல் இருந்தது. அவர் அதை எடுத்துப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினார்.

"இந்த ராடு போட்டது புதன்கிழமைன்னு எழுதியிருக்கு. அன்னிக்கி வைகுண்ட ஏகாதசி. லோக்கல் ஹாலிடே. நம்ம பேக்டரிய தொறக்கவே இல்ல. பூட்டின ஷெட்டுல யாரு ராடு போட்டாங்க?"

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். அந்தப் புதன்கிழமை விடியற்காலையில் சொர்க்கவாசலுக்காக வரிசையில் நின்று கால் மரத்துப்போய் வீட்டுக்கு வந்து விழுந்தவன். அதற்கு மூன்றாம் நாள் ஷெட்டில் நின்று விரல் விட்டு மூன்று நாள் பின்னால் எண்ணியபோது ஏகாதசி என் மூளையில் தட்டுப்படவே இல்லை. ஊரே வாசலில் வந்து இறங்கிய நாளை அந்த ஊர்க்காரனே மறந்தான் என்றால் அவன் மார்க்கெட்டைக் கணித்த லட்சணத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பொய் சொல்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அதுவும் என்னிடம் இல்லை.

ஆனால் சிரிக்கும் நிலையில் நான் இல்லை. சீட்டில் இருந்தது என் கையெழுத்து இல்லை. "சோதனை பண்ணாமலே வாய்க்கு வந்த தேதியப் போட்டிருக்காங்க. திங்கக்கிழம மெமோ குடுத்திடுங்க. பட்டியல்ல இருந்து பேரையும் எடுத்திடுங்க," என்றார் எம்.டி. உற்பத்தி மேலாளர் குறித்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அதுவும் பொய். பயந்தேன், அவ்வளவுதான். யாரோ டீ கொண்டுவந்தார்கள். அதை வாங்கிக் குடித்தேன். அந்த டீயை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

சனிக்கிழமை மகேஸ்வரியை அழைத்துக்கொண்டு திருவெள்ளறைக்குப் போனேன். படிக்கட்டில் எந்த இணைப்பு தேறும், எது தேறாது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மண்டபத்துக்காரர் எங்களைச் சந்தோஷமாக வரவேற்றார். தன் பெண்ணின் கல்யாணம்தான் அங்கே நடக்கும் முதல் கல்யாணம் என்றும், பந்தி மாடியில் என்றும், ஒரு பந்திக்கு இருநூறு பேர் ஏறி இறங்குவார்கள் என்றும் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அந்தப் படிகளை நிமிர்ந்து பார்க்கக்கூடப் பயமாக இருந்தது.

மகேஸ்வரி ஒவ்வொரு இணைப்பாகத் தட்டினார். கிரைண்டர் வாங்கி மேல் தோலைத் தேய்த்தார். சில இடங்களில் உள்ளே ஊசித் துளைகள் தெரிந்தன.

"எத்தனைங்க தேறும்?" என்றேன்.

"சில எடம் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா எது நல்லதுன்னு வெளிய பாத்துச் சொல்ல முடியாது. எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டு மறுபடி போடணும்."

தாஜுதீன் பாய்க்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இத யாரு சார் பாஸ் பண்ணது?"

நான் வாய் திறப்பதற்குள், இல்லை, நான் வாய் திறக்கவில்லை, மகேஸ்வரி சொன்னார்: "என் கையெழுத்துதான் பாய்."

சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. குனிந்து அடுத்த இணைப்பைத் தட்டப் போய்விட்டார். அவர் ஒரு முறை என்னை முறைத்திருந்தால்கூட நான் ஏதாவது சமாதானம் தேடிக்கொண்டிருப்பேன். திரும்பி வரும்போது காரில் பின்னால் உட்கார்ந்திருந்தார். கொள்ளிடம் பாலம் தாண்டும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"திங்கக்கிழம மெமோ குடுத்துடுவாங்களா சார்?"

"பாப்போம்," என்றேன். இருபத்தாறு வருட அனுபவசாலி அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பதில் அது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயக் கதை மாதிரி சிரிப்பாள் என்று நினைத்தேன். "நாளைக்கு மொத ஆளா போய்ச் சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை எம்.டி. வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. செயற்கை ரூட்டைல் என்று தெரிந்தே வாங்கினேன், திங்கட்கிழமை வரை பொறுக்கும்படி மகேஸ்வரி மூன்று முறை சொன்னார், தேதியைச் சொன்னது நான், பட்டியலுக்குப் பயந்துதான் அவர் எழுதினார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"புதன்கிழமைன்னு நீங்களா சொன்னீங்க?"

"ஆமா சார்."

"ஏகாதசின்னு தெரியாதா? ஸ்ரீரங்கத்துலதானே இருக்கீங்க?"

"க்யூவுல நின்னேன் சார்."

அந்தக் கோபத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போயும் விட்டது. போன வாரம் இதே அறையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பயம் சார் என்றேன். கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். பிறகு மகேஸ்வரியைக் கூப்பிட்டனுப்பினார்.

"லீவு நாள்னு தெரிஞ்சுமா எழுதினீங்க?" என்று கேட்டார்.

"தெரியும் சார். ரெண்டு தடவை சாரைக் கேட்டேன். அதையே போடச் சொன்னாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "பொய்யத்தான் எழுதச் சொல்றாங்க, படிக்கறவங்களுக்குப் பொய்னு தெரியட்டும்னுதான் அப்படியே எழுதினேன். அனுப்பறதுக்கு முன்னாடி யாராவது சீட்டப் படிச்சு நிறுத்துவாங்கன்னு நினைச்சேன். யாரும் படிக்கல சார்."

அந்தச் சீட்டு நான்கு மேஜைகளைத் தாண்டித்தான் வாசலுக்குப் போயிருந்தது. அந்த நான்கில் கடைசி மேஜை எம்.டி.யுடையது. எம்.டி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மெமோ வேண்டாம், கையெழுத்துப் போட்டதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும், பட்டியலில் பெயர் இருக்கட்டும் என்றார். என்னைக் கமிட்டியிலிருந்து எடுத்தார். பாயின் படிக்கட்டுக்கு ஆகும் வேலை முழுவதும் நம் பொறுப்பு என்றார். அன்றிலிருந்து நான் வாங்கும் எந்த லோடும் மகேஸ்வரி சரி என்று சொல்லாமல் கிடங்குக்குள் இறங்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டார். ஓய்வுபெறும் நாள் வரைக்கும் நான் அப்படித்தான் வேலை பார்த்தேன். அவர் என் லோடுகளில் ஐந்தைத் திருப்பி அனுப்பினார். ஐந்துக்கும் காரணம் சரியாகத்தான் இருந்தது.

அன்று அறையை விட்டு வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் அவரை நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை சார் என்றார், ஆனால் அவர் குரலில் பரவாயில்லை இல்லை. நான் அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"இவ்வளவு தைரியமா யோசிச்சீங்களே, அதுக்கு என்கிட்டயே நேரா 'முடியாது'ன்னு சொல்லியிருக்கலாமேம்மா?"

மகேஸ்வரி தலைக்கவசத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"மூணு தடவை சொன்னேன் சார். நீங்க கேக்கற ஆளா இருந்திருந்தா, அந்தத் தேதிய எழுத வேண்டியே வந்திருக்காது."

சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். ரேக்கில் அன்றைக்குப் பார்க்க வேண்டிய ராடு இருந்தது.